எண் சரி, வழி தவறு: ஒரு தட்டைச் சுடரில் பிறந்த நைட்ரிக் ஆக்சைடு பற்றிய நிகழ்வு ஆய்வு

நுண்துளைத் தட்டு ஒன்றின் வழியே மீத்தேனும் காற்றும் கலந்து சீராக மேலெழுகின்றன. தட்டுக்குச் சற்று மேலே மெல்லிய நீலத் தகடு போலச் சுடர் நிற்கிறது. தட்டிலிருந்து விலகிச் செல்லும் ஒவ்வொரு உயரத்திலும் வாயுவைச் சிறிதளவு உறிஞ்சி எடுத்து நைட்ரிக் ஆக்சைடின் அளவைக் குறித்துக்கொண்டே போனால், எரிந்து முடிந்த பகுதியில் அது மெதுவாக, ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுவது தெரியும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிச் சுடர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தால் சுழியைத் தொட வேண்டும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. 1971இல் வெளியான சி. பி. ஃபெனிமோரின் ஆய்வுக் கட்டுரையில் அந்தக் கோடு சுழியைத் தொடவில்லை. எரிதல் நடந்து முடிந்த கணத்திலேயே ஓரளவு நைட்ரிக் ஆக்சைடு உருவாகியிருந்தது. அதற்கு அவர் 'உடனடி நைட்ரிக் ஆக்சைடு' என்று பெயரிட்டார்.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஃபெனிமோர் சொன்ன விடை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நின்றது. கணினி மாதிரிகளில் ஏறியது, அளவீடுகளோடு ஒத்தும் போனது. பிறகு அந்த விடையின் பாதி தவறு என்று தெரியவந்தது. அதிலும் வியப்பு, இறுதியில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடின் அளவு அதனால் பெரிதாக மாறிவிடவில்லை. ஒத்துப்போன எண் ஒன்று இத்தனை காலம் தவறான வழியை மறைத்து வைத்திருக்க முடிந்தது எப்படி என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

முதலில், எதிர்பார்ப்பு ஏன் சுழியாக இருந்தது

1946இல் செல்டோவிச் விளக்கிய வினைவழிப்படி, ஆக்சிஜன் அணு ஒன்று நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி நைட்ரிக் ஆக்சைடையும் நைட்ரஜன் அணுவையும் தருகிறது. அந்த நைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. முதல் படிதான் கடினம். நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 319 கிலோஜூல் கிளர்வுகொள் ஆற்றல் தேவை. ஆகவே இந்த வழி சூட்டை நம்பி வாழ்வது, மெதுவானது. எரிதல் மண்டலத்தைக் கடக்க வாயுவுக்கு ஆகும் மில்லிநொடி அளவிலான நேரத்தில் அது பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. பின்னால் வரும் சூடான வாயுவில்தான் அது மெல்ல வேலை செய்யும். கோடு சுழியிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பின் அடிப்படை இதுவே.

அந்த மெதுவை ஒரு கணக்கால் உணரலாம். வளிமண்டல அழுத்தத்தில், 4 சதவீத ஆக்சிஜனும் 71 சதவீத நைட்ரஜனும் கொண்ட எரிந்த வாயுவை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் அணுக்கள் சமநிலை அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், செல்டோவிச் வழி 1900 கெல்வினில் நொடிக்கு மில்லியனில் 80 பங்கு அளவில் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும். வாயு அங்கே 10 மில்லிநொடி இருந்தால் சேர்வது மில்லியனில் ஒரு பங்குகூட இல்லை. அதே கலவையை 2000 கெல்வினுக்கு ஏற்றினால் வேகம் நொடிக்கு மில்லியனில் சுமார் 470 பங்கு ஆகிவிடுகிறது. நூறு கெல்வின் கூடியதற்கு ஏறக்குறைய ஆறு மடங்கு.

இந்த ஆறு மடங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'எதிர்பாராத நைட்ரிக் ஆக்சைடு' என்று ஒருவர் சொன்னவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேதியியல் கேள்வியே அல்ல. அந்தச் சுடரின் வெப்பநிலை உங்களுக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதே.

வெப்பநிலை என்ற முதல் சாட்சி

வரிச்சீர் சுடரை, அதிலும் தட்டையானதை, ஆய்வாளர்கள் நாடுவதற்குக் காரணம் எளிது. கொந்தளிப்பு இல்லை, எல்லாம் உயரம் என்ற ஒரே திசையில்தான் மாறுகிறது. நீரால் குளிரூட்டப்படும் நுண்துளைத் தட்டு சுடரிலிருந்து கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அதை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது. 1954இல் போத்தாவும் ஸ்பால்டிங்கும் இதே உத்தியால்தான் வெப்ப இழப்பை அளந்து, இழப்பு சுழியாகும் நிலைக்கு நீட்டி, சுடர் பரவும் வேகத்தைக் கண்டார்கள். சரிவிகித (எரிபொருளும் ஆக்சிஜனும் மிச்சமின்றித் தீரும்) மீத்தேன்–காற்றுச் சுடர் வெப்ப இழப்பே இல்லாமல் எரிந்தால் சுமார் 2225 கெல்வினை எட்டும். குளிரூட்டிய தட்டின் மேல் நிற்கும் சுடர் அதற்குச் சில நூறு கெல்வின் கீழே இருக்கும். எவ்வளவு கீழே என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். வெப்ப இயக்கவியல் அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அளக்க எளிய கருவி தெர்மோகப்பிள் எனப்படும் வெப்ப மின்னிரட்டை. பிளாட்டினக் கம்பி ஒன்று, பிளாட்டினம்–ரோடியம் கலவைக் கம்பி ஒன்று, இரண்டும் சேரும் முடிச்சு. பிளாட்டினம் 2041 கெல்வினில் உருகிவிடும் என்பதால் மிகச் சூடான சுடர்களுக்கு இது ஆகாது. குளிரூட்டிய தட்டைச் சுடருக்கு ஆகும். ஆனால் கருவி காட்டுவது முடிச்சின் வெப்பநிலையை. நமக்கு வேண்டியது வாயுவின் வெப்பநிலை. சூடான கம்பி சுற்றிலும் வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. வாயு அதற்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் கம்பி நிற்கிறது. வாயுவைவிடக் குளிர்ந்தே நிற்கிறது.

எவ்வளவு குளிர்ந்து? வாயு 1900 கெல்வின், அது கம்பியைக் கடக்கும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர், கம்பியின் வெளியிடு திறன் (வெப்பக் கதிர்களை வீசும் திறன்) 0.2, வாயுவின் வெப்பக்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.12 வாட்/கெல்வின் என்று எடுத்துக்கொண்டு, மெல்லிய கம்பிகளுக்கு காலிஸும் வில்லியம்ஸும் 1959இல் தந்த வெப்பப் பரிமாற்றச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். 100 மைக்ரோமீட்டர் கம்பி 1745 கெல்வினைக் காட்டும். 50 மைக்ரோமீட்டர் கம்பி 1797. 25 மைக்ரோமீட்டர் கம்பி 1835. வாயு ஒன்றுதான், கம்பி மெலிய மெலிய உண்மையை நெருங்குகிறது.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல தடிமன்களில் அளந்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, தடிமன் சுழியாகும் இடத்துக்கு நீட்டி வாயு வெப்பநிலையைச் சொல்லிவிடுவார்கள். மேலே உள்ள கடைசி இரண்டு எண்களை அப்படி நீட்டிப் பாருங்கள்: 1873 வருகிறது. உண்மையைவிட 27 கெல்வின் குறைவு. பருமனான இரண்டு கம்பிகளை வைத்து நீட்டினால் 1849. காரணம், கம்பி மெலியும்போது வெப்பப் பரிமாற்றம் தடிமனுக்கு நேர்தலைகீழாகக் கூடுவதில்லை. கதிர்வீச்சும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் மாறுகிறது. கோடு சுழிக்கு அருகே மேல்நோக்கி வளைகிறது. அந்த வளைவைக் கணக்கில் சேர்க்காமல் நேர்கோட்டை நம்பியவர்களின் சுடர்கள் எல்லாம் தாளில் கொஞ்சம் குளிர்ந்துபோயிருக்கும்.

இன்னொரு சிக்கல் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பிளாட்டினம் நல்ல வினையூக்கி. சுடரின் எரிதல் மண்டலத்தில் அலையும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் உறுப்புகளும் (உறுப்பு என்பது இணை சேராத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுத் துண்டு) அதன் பரப்பில் ஒன்றுசேர்ந்து வெப்பத்தைக் கம்பியிலேயே கொட்டும். கம்பி வாயுவைவிடச் சூடாகத் தெரியவும் கூடும். அதைத் தடுக்க சிலிக்கா பூசுவார்கள்; 1970இல் கென்ட் இட்ரியம் ஆக்சைடும் பெரிலியம் ஆக்சைடும் சேர்ந்த பூச்சைப் பரிந்துரைத்தார். பெரிலியம் ஆக்சைடுத் தூள் நுரையீரலுக்குக் கொடியது என்பதால் அது எல்லோரும் விரும்பிச் செய்யும் வேலையாக இருந்ததில்லை. பூச்சு எதுவானாலும் கம்பியின் தடிமனையும் வெளியிடு திறனையும் மாற்றிவிடுகிறது. ஆகவே மேலே போட்ட கணக்கைத் திரும்பவும் போட வேண்டும்.

ஒளிமுறைகள் இந்தத் தொல்லையிலிருந்து விடுவித்தன. சுடரில் உள்ள ஹைட்ராக்சில் உறுப்பை 308 அல்லது 283 நானோமீட்டர் அருகே லேசரால் தூண்டி, வெவ்வேறு சுழற்சி நிலைகளிலிருந்து வரும் உடனொளிர்வின் (தூண்டப்பட்ட மூலக்கூறு உமிழும் ஒளியின்) வலுவை ஒப்பிட்டால், அந்த நிலைகளில் மூலக்கூறுகள் எப்படிப் பகிர்ந்திருக்கின்றன என்பது தெரியும். போல்ட்ஸ்மன் பகிர்வு விதி அதிலிருந்து வெப்பநிலையைக் கொடுத்துவிடும். வாயுவைக் கம்பியால் தொடவே வேண்டாம். ஆனால் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில்தான் இது செல்லும். தட்டுக்கு அருகே, இன்னும் எரியாத குளிர்ந்த பகுதியில் அது கிடையாது. அங்கே வெப்பநிலை வேண்டுமானால் நைட்ரிக் ஆக்சைடையே சிறிதளவு வெளியிலிருந்து சேர்த்து, அதை 226 நானோமீட்டரில் தூண்டி அளப்பார்கள். நைட்ரிக் ஆக்சைடு எப்படி உருவாகிறது என்று தேடும் வழக்கில் நைட்ரிக் ஆக்சைடையே வெப்பமானியாகச் சேர்ப்பது கொஞ்சம் விநோதம்தான். இரண்டு அளவீடுகளையும் தனித்தனிச் சுடர்களில் எடுத்து அந்தச் சிக்கலைத் தவிர்க்கிறார்கள்.

நன்றாகச் செய்த அளவீட்டிலும் இரண்டு மூன்று சதவீத ஐயம் தங்கும். 1900 கெல்வினில் 50 கெல்வின் ஐயம் என்றால் செல்டோவிச் வழியின் வேகத்தில் அது இரண்டரை மடங்கு ஐயம். ஃபெனிமோரின் மிச்சத்தை வெறும் வெப்பநிலைப் பிழை என்று ஒதுக்கிவிட எவருக்கும் உரிமை இருந்தது.

ஒதுக்க முடியாமல் போனது ஏன்

அவர் வைத்த எதிர்ச்சோதனையால். ஹைட்ரஜன்–காற்றுச் சுடரிலும் கார்பன் மோனாக்சைடு–காற்றுச் சுடரிலும் அதே முறையில் அளந்தபோது மிச்சம் வரவில்லை. ஹைட்ரோகார்பன் எரிந்த சுடர்களில் மட்டுமே வந்தது. கருவியின் பிழையோ வெப்பநிலைப் பிழையோ காரணமாக இருந்தால் அது எரிபொருளைப் பார்த்து வேறுபாடு காட்டியிருக்காது. இந்த ஒரே சோதனைக்காகவே அந்தக் கட்டுரையை இன்றும் மாணவர்களுக்குக் கொடுக்கலாம்.

மற்றொரு விளக்கமும் வலுவாக முன்வைக்கப்பட்டது. எரிதல் மண்டலத்தில் ஆக்சிஜன் அணுக்கள் சமநிலை அளவைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும். அணுக்களை உண்டாக்கும் கிளைவினைகள் வேகமானவை. அவற்றை மீண்டும் மூலக்கூறாக்கும் வினைகளுக்கு மூன்று துகள்கள் ஒரே நேரத்தில் மோத வேண்டும் என்பதால் அவை மெதுவானவை. ஆகவே செல்டோவிச் வழியே அந்த மண்டலத்தில் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடியிருக்கும் என்றார்கள். எரிபொருள் குறைந்த சுடர்களில் இந்த விளக்கத்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. எரிபொருள் மிகுந்த சுடர்களில் அது போதவில்லை.

ஃபெனிமோரே முன்மொழிந்த விளக்கம் வேறு. எரிபொருள் சிதையும்போது தோன்றும் சிஎச் என்ற உறுப்பு, ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டது, நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி ஹைட்ரஜன் சயனைடையும் நைட்ரஜன் அணுவையும் தருகிறது என்றார். அந்த நைட்ரஜன் அணு உடனே நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். ஹைட்ரஜன் சயனைடு சில படிகள் கடந்து அங்கேயே போய்ச் சேரும். ஹைட்ரஜன் சுடரில் கார்பனே இல்லை. கார்பன் மோனாக்சைடுச் சுடரில் கார்பன் இருந்தும் சிஎச் பிறப்பதில்லை. விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது.

1973இல் பாக்மையர், எபேரியஸ், யுஸ்ட் ஆகிய மூவரும் எரிபொருள் மிகுந்த சுடர்களில் ஹைட்ரஜன் சயனைடையே கண்டறிந்தார்கள். முன்னறிவித்த விளைபொருள் கையில் கிடைத்துவிட்டது. வழக்கு முடிந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதில் குற்றமில்லை. ஆனால் ஒரு பொருள் கிடைத்தது என்பதற்கும், அது நாம் நினைத்த வினையில்தான் பிறந்தது என்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பிழை முப்பதாண்டுகள் குடியிருந்தது.

மாதிரிக்குள் நுழைந்த வினை

எண்பதுகளில் தட்டைச் சுடரைக் கணினியில் முழுமையாகத் தீர்க்கும் வசதி வந்தது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உருவான கெம்கின் என்ற வேதிவினைக் கணக்கீட்டு நிரல்தொகுப்பும், அதன்மேல் கீயும் உடன் பணியாற்றியவர்களும் 1985இல் அளித்த பிரீமிக்ஸ் நிரலும் இதற்கு வழி செய்தன. சுடருக்குள் ஒவ்வொரு சேர்மமும் மூன்று காரணங்களால் கூடுகிறது அல்லது குறைகிறது: ஓட்டம் அதைச் சுமந்து செல்கிறது, அடர்த்தி வேறுபாட்டால் அது பரவுகிறது, வினைகளில் பிறக்கிறது அல்லது அழிகிறது. ஒவ்வொரு உயரத்திலும் இவை சமன்பட வேண்டும். எல்லாச் சேர்மங்களுக்கும் இந்தச் சமன்பாட்டைச் சேர்த்துத் தீர்ப்பதுதான் வேலை. 1999இல் வெளியான ஜிஆர்ஐ-மெக் 3.0 என்ற வினைத்தொகுப்பில் 53 சேர்மங்களும் 325 வினைகளும் உள்ளன. சிஎச் நைட்ரஜனைத் தாக்கி ஹைட்ரஜன் சயனைடு தருவது அவற்றில் ஒன்று.

நிரலை ஓட்டுபவர் தொடக்கத்திலேயே ஒரு தேர்வைச் செய்கிறார். வெப்பநிலையையும் சமன்பாட்டிலிருந்தே கணக்கிடலாம்; இல்லையேல் அளந்த வெப்பநிலை வளைவை அப்படியே கொடுத்துவிட்டு, வேதியியலை மட்டும் தீர்க்கச் சொல்லலாம். இரண்டாவதே பரவலான பழக்கம், ஏனெனில் பர்னருக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்ற தொல்லை அதில் இல்லை. ஆனால் கம்பிக் கணக்கில் செய்த பிழை எதுவாயினும் அது சத்தமில்லாமல் வினைவேகங்களுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். பின்னர் யாரோ ஒருவர் அந்த வேகத்தை 'சரிசெய்து' அளவீட்டோடு பொருத்துவார். அந்தத் திருத்தம் அச்சேறி நிலைத்துவிடும்.

வாயுவை உறிஞ்சி எடுக்கும் குழாய்க்கும் இதே குணம் உண்டு. குவார்ட்ஸ் கூம்பு ஒன்றைச் சுடருக்குள் நீட்டினால் அதன் முனையருகே சுடர் சில நூறு கெல்வின் வரை குளிர்ந்துபோகலாம். மாதிரியில் குளிராத சுடரின் வெப்பநிலையையும், அளவீட்டில் குளிர்ந்த சுடரின் கலவையையும் வைத்து ஒப்பிட்டால் வளைவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நகர்ந்து நிற்கும். வளைவைச் சற்று இழுத்துப் பொருத்திக்கொள்வது வழக்கம். கூம்பு இருக்கும்போதே வெப்பநிலையையும் அளந்து அதை மாதிரிக்குக் கொடுப்பது அதைவிட நேர்மையான வழி என்பது என் கருத்து. குழாய்க்குள் நடக்கும் கூத்து தனி: குளிரும் வாயுவில் நைட்ரிக் ஆக்சைடின் ஒரு பகுதி நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிவிடும். பழைய அளவீடுகள் சிலவற்றில் சுடருக்குள் ஏராளமான நைட்ரஜன் டை ஆக்சைடு 'காணப்பட்டதற்கு' குழாயே பெரும்பாலும் காரணம்.

இந்த வழக்கில் குறைந்த அழுத்தச் சுடர்கள் பெரிதும் உதவின. வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் சுடரின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவே. சிஎச் அதற்குள் ஒரு மெல்லிய கீற்றாகத் தோன்றி மறையும். அழுத்தத்தை 25 டாராக, அதாவது வளிமண்டலத்தின் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் சுடர் அதே விகிதத்தில் விரிந்து ஒன்றரை சென்டிமீட்டர் ஆகிறது. லேசர் கற்றை அதற்குள் வசதியாக உலவலாம். தொண்ணூறுகளில் கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இப்படித்தான் மில்லியனில் சில பங்கு அளவே உள்ள சிஎச்சை எண்ணிக்கையாக அளந்தார்கள். அந்தச் சுடர்களின் சிஎச், நைட்ரிக் ஆக்சைடு அளவீடுகளும் ஜிஆர்ஐ-மெக் 3.0ஐ அளவீடுகளோடு பொருத்தியபோது இலக்குகளாக வைக்கப்பட்டன. ஆகவே அந்தத் தொகுப்பு உடனடி நைட்ரிக் ஆக்சைடைச் சரியாகச் சொல்வதில் ஆச்சரியம் ஏதுமில்லை. சொல்லும்படிதானே செதுக்கினார்கள்.

வெப்பநிலை பற்றிய கவலையும் இங்கே தணிகிறது. சிஎச் நைட்ரஜனைத் தாக்கும் வினைக்கு அந்தத் தொகுப்பு வைத்திருக்கும் கிளர்வுகொள் ஆற்றல் மோலுக்குச் சுமார் 84 கிலோஜூல்தான். 1900இலிருந்து 2000 கெல்வினுக்குப் போனால் அதன் வேக மாறிலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். செல்டோவிச் வழியில் கண்ட ஆறு மடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உடனடி நைட்ரிக் ஆக்சைடு வெப்பநிலையைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதை ஆட்டிவைப்பது எவ்வளவு சிஎச் இருக்கிறது என்பதே.

கணக்குப் பிள்ளைகள் எழுப்பிய ஆட்சேபம்

குவாண்டம் வேதியியலாளர்களுக்கு இந்த வினை தொடக்கத்திலிருந்தே உறுத்தியது. ஆட்சேபத்தின் சாரம் தற்சுழற்சி, அதாவது ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் உள்ள, இரண்டு திசைகளில் ஒன்றை மட்டுமே நோக்கும் பண்பு. சிஎச்சில் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று. நைட்ரஜன் மூலக்கூறில் ஒன்றும் இல்லை. இரண்டும் சேரும்போது மொத்தம் ஒன்று. விளைபொருள் பக்கம் போனால் ஹைட்ரஜன் சயனைடில் இணை சேராதது ஒன்றுமில்லை. நைட்ரஜன் அணுவில் மூன்று, மூன்றும் ஒரே திசையில். ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவ நடுவழியில் ஓர் எலக்ட்ரான் தன் சுழற்சியைத் திருப்பியாக வேண்டும். இலகுவான அணுக்களில் அது எளிதில் நடக்காது. தொண்ணூறுகளில் இந்தத் தாவலைக் கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்த வேகம், சோதனையில் கண்ட வேகத்தைவிட மிகமிகக் குறைவாக இருந்தது.

சோதனைக்காரர்கள் சிஎச் எவ்வளவு வேகமாக மறைகிறது என்பதை அளந்திருந்தார்கள். அந்த வேகம் உண்மை. மறைந்து எதுவாக ஆகிறது என்பதை அந்த அளவீடு சொல்லாது.

2000ஆம் ஆண்டில் மோஸ்கலேவாவும் எம். சி. லின்னும் வெளியிட்ட கணக்கீடு முடிச்சை அவிழ்த்தது. சிஎச்சும் நைட்ரஜனும் சேர்ந்து, சுழற்சியைத் திருப்பாமலேயே, ஹைட்ரஜன் அணுவையும் என்சிஎன் என்ற உறுப்பையும் தரலாம் என்று காட்டினார்கள். நடுவில் கார்பன், இருபுறமும் நைட்ரஜன்: இதுதான் என்சிஎன். அதில் இணை சேராத எலக்ட்ரான் இரண்டு, ஹைட்ரஜனில் ஒன்று. இவற்றை மொத்தம் ஒன்றாக அமைத்துக்கொள்ள முடியும். விதிக்கு விரோதமில்லை, வேகமும் பொருந்துகிறது.

பழைய விடை ஏன் இவ்வளவு காலம் தப்பித்தது என்பதும் இப்போது தெளிவாகிறது. என்சிஎன் பிறந்தவுடன் சும்மா இருப்பதில்லை. ஹைட்ரஜன் அணுவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடும் நைட்ரஜன் அணுவும் ஆகிறது. ஃபெனிமோர் எழுதிய அதே விளைபொருள்கள், ஒரு படி தள்ளி! ஆக்சிஜன் அணுவோடு சேர்ந்தால் நைட்ரிக் ஆக்சைடையே தருகிறது. 1973இல் கண்ட ஹைட்ரஜன் சயனைடுக்கு இரண்டு கதைகளும் சமமாகப் பொருந்துகின்றன. இறுதி நைட்ரிக் ஆக்சைடுக்கும் அப்படியே. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த வழக்கு இன்னும் முப்பதாண்டுகள் ஓடியிருக்கும்.

இடைநிலைப் பொருளைப் பிடித்தது

தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: சுடருக்குள் என்சிஎன் இருக்கிறதா? 2003இல் எஸ்ஆர்ஐயில் ஸ்மித் குறைந்த அழுத்த மீத்தேன் சுடரில் 329 நானோமீட்டர் அருகே லேசரைச் செலுத்தி அதன் உடனொளிர்வைக் கண்டார். இருக்கிறது என்பதற்கு அது சான்று. இடமும் பொருந்தியது, சிஎச் தோன்றும் பகுதியை ஒட்டியே அது தோன்றியது. 2007இல் ஸ்டான்ஃபோர்டில் வாசுதேவன், ஹான்சன், போமன் ஆகியோர் அடங்கிய குழு அதிர்வலைக் குழாயில் (அதிர்வலையால் வாயுவை நொடிப்பொழுதில் சூடாக்கும் கருவியில்) சிஎச்–நைட்ரஜன் வினையை நடத்தி, அதே அலைநீளத்தின் அருகே உறிஞ்சலை அளந்து, விளைபொருள் என்சிஎன்தான் என்று உறுதிசெய்தது. 2008இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த சட்டன், வில்லியம்ஸ், ஃபிளெமிங் பல மீத்தேன் சுடர்களில் கலவை விகிதத்தை மாற்றி மாற்றி அளந்தார்கள். 2010இல் பிரான்சின் லில் நகரில் லாமூரூ, டெக்ரூ உள்ளிட்ட குழு ஒரே சுடர்களில் சிஎச், என்சிஎன், நைட்ரிக் ஆக்சைடு மூன்றையும் அளந்து மாதிரியோடு ஒப்பிட்டது.

இந்த நான்கில் லில் குழுவின் வேலையை நான் மேலாக மதிப்பேன். ஒரு சுடரில் சிஎச், வேறொன்றில் என்சிஎன், மூன்றாவதில் நைட்ரிக் ஆக்சைடு என்று அளந்து மாதிரியை வைத்துத் தைத்தால் தையல் எங்கே பிரிகிறது என்றே தெரியாது. மூன்றும் ஒரே சுடரில், ஒரே வெப்பநிலை வளைவின் மேல் இருந்தால் மாதிரிக்கு நழுவ இடமில்லை. சிஎச்சைக் கூட்டிச் சொல்லி வினைவேகத்தைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்க முடியாது. நடுவில் என்சிஎன் நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளிர்வை எண்ணாக மாற்றுவதும் எளிதல்ல. தூண்டப்பட்ட மூலக்கூறு ஒளியை உமிழ்வதற்குள் வேறு மூலக்கூறோடு மோதி ஆற்றலை இழந்துவிடலாம். குறைந்த அழுத்தத்தில் மோதல் குறைவு. ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை நேரடியாகவே அளந்து திருத்திவிடலாம். லேசர் தொடும் அந்தக் குறிப்பிட்ட சுழற்சி நிலையில் மொத்த மூலக்கூறுகளில் எத்தனை பங்கு உள்ளன என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. ஆக, கலவையை அளக்க மறுபடியும் வெப்பநிலை வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

இன்னும் தீராதவை

வழி தெரிந்துவிட்டது, எண்கள் முழுதும் அடங்கவில்லை. சிஎச்சும் நைட்ரஜனும் என்சிஎன்னாக மாறும் வினை பின்னோக்கியும் நடக்கும். பின்னோக்கிய வேகத்தைச் சமநிலை மாறிலியிலிருந்து பெறுகிறோம். அது என்சிஎன்னின் உருவாதல் வெப்பத்தைச் சார்ந்தது. வெவ்வேறு வினைத்தொகுப்புகள் அதற்கு எடுத்துக்கொண்ட மதிப்புகள் மோலுக்குப் பத்து கிலோஜூலுக்கு மேலும் வேறுபட்டிருந்தன. 1800 கெல்வினில் பத்து கிலோஜூல் வித்தியாசம் சமநிலை மாறிலியை ஏறக்குறைய இரண்டு மடங்காக மாற்றிவிடும். என்சிஎன்னும் ஹைட்ரஜன் அணுவும் மோதும்போது எத்தனை பங்கு ஹைட்ரஜன் சயனைடாகிறது, எத்தனை பங்கு மீண்டும் சிஎச்சாகித் திரும்புகிறது என்ற பங்கீடும் இதோடு பிணைந்து கிடக்கிறது. கிளார்போர்கும் உடனாசிரியர்களும் 2018இல் வெளியிட்ட நைட்ரஜன் வேதியியல் தொகுப்புரை இந்தப் பகுதியைப் புதுப்பித்துத் தருகிறது.

ஜிஆர்ஐ-மெக் 3.0 இன்றும் பலரது கணினியில் ஓடுகிறது. மீத்தேன் சுடரின் வெப்பநிலைக்கும் பரவும் வேகத்துக்கும் அதைத் தாராளமாக நம்பலாம். வழக்கமான அழுத்தத்தில், அது பொருத்தப்பட்ட எல்லைக்குள், இறுதி நைட்ரிக் ஆக்சைடுக்கும் பெரும்பாலும் ஏமாற்றாது. எரிபொருளையோ அழுத்தத்தையோ கலவை விகிதத்தையோ அந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோகிறவர்கள் முதலில் தொகுப்பின் சேர்மப் பட்டியலைத் திறந்து என்சிஎன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிஆர்ஐ-மெக் 3.0இன் 53 சேர்மங்களில் அது இல்லை.